வீட்டுக்குக் கீழே ஒரு வெற்றிடம்: சிங்கப்பூர் அடுக்ககங்கள் சொல்லும் வரலாறு



அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்து வீடொன்றில் மவுத்து ஆகிவிடுகிறது. மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்கு எங்கே இடம்? சந்தூக்கை எங்கே இறக்கி வைப்பது? மின்தூக்கிக்குள் அது நுழைவதில்லை. படிக்கட்டு திரும்பும் இடங்களில் தோள் கொடுப்போர் திணறுகின்றனர். கீழே வந்து சேர்ந்தால் அங்கே கார்களும் இருசக்கர வாகனங்களும் நெருக்கி நிற்கின்றன. ஆறுதல் கூற வந்த பெரியவர்கள் வெயிலில் சாலையோரம் ஒதுங்கி நிற்கின்றனர்.

நகரத்தில் வீடு வாங்கச் செல்லும்போது நாம் எத்தனை சதுர அடி என்று கேட்கிறோம். தண்ணீர் வசதி உண்டா, பள்ளிவாசல் அருகில் உள்ளதா என்றும் கேட்கிறோம். ஆனால், நம் வீட்டுக் கதவுக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவாக எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஒரு மவுத்தோ நிக்காஹோ வரும்போதுதான் அக்கேள்வி நினைவுக்கு வருகிறது.

இக்கேள்விக்கு ஒரு நாடு கட்டடங்களின் மூலமாகவே விடை தேடியது. நம் முன்னோர் பலர் சபுராளிகளாகச் சென்று பொருளீட்டிய சிங்கப்பூரே அந்நாடு. அங்கே அடுக்ககங்களின் கீழ்த்தளம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்ட வரலாறும், அதனால் விளைந்த நன்மைகளும், அதன் குறைகளும் நம் சிந்தனைக்கு உரியவை.

அஞ்சடியும் கம்பமும்

சிங்கப்பூரின் நகர அமைப்பைக் குறித்து 1822ஆம் ஆண்டு ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் விடுத்த கட்டளைகளுள் ஒன்று, தெருவை நோக்கிய ஒவ்வொரு வீடும் தன் முன்புறத்தில் கூரையுடன் கூடிய நடைபாதையை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதாகும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிச் செல்ல வழி செய்த இந்த நடைபாதையை மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றனர். நம்மவர் 'அஞ்சடி' என்றனர். கட்டடம் தனியாருக்குரியது, அதன் முன்புற அஞ்சடியோ வழிநடப்போர் அனைவருக்கும் உரியது. பெட்டிக்கடை வைத்தவரும், நாணயம் மாற்றியவரும், நாளிதழ் விற்றவரும் அங்கேதான் தொழில் செய்தனர். கடையநல்லூரிலிருந்து குடும்பத்தோடு சென்று தஞ்சோங் பகாரில் வாழ்ந்த முஸ்லிம்களுக்கும் இது பழகிய உலகமே.

நகரத்தின் ஒரு பக்கத்தில் கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, சன்னல்கூட இல்லாத ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். மறுபக்கத்தில் கம்பங்கள் எனப்பட்ட குடிசைக் கிராமங்கள் இருந்தன. குழாய் நீரும் கழிவு வசதியும் அங்கே அரிது. எனினும் வீட்டு வாசலில் திண்ணையும், மரநிழலும், சிறு சூராவும் இருந்தன. திருமணம் என்றால் கம்பமே கூடிச் சமைத்தது. மலாய் மொழியில் இதனை 'கோத்தோங் ரோயோங்' என்பர். அனைவரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் சுமப்பது என்பது இதன் பொருள்.

தீயும் புதிய வீடும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1927இல் ஏற்படுத்தப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட், முப்பதாண்டுக்கும் மேலாக இயங்கி ஏறத்தாழ 23,000 வீடுகளையே கட்டியிருந்தது. மக்கள்தொகைப் பெருக்கத்திற்கு அது எவ்வகையிலும் போதவில்லை. சுயாட்சி பெற்ற பின்னர், 1960 பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. லிம் கிம் சான் அதன் முதல் தலைவரானார்.

அடுத்த ஆண்டே பெரும் சோதனை வந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். அன்று புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் பற்றிய தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. எரிந்த அந்நிலத்தின் மீதே கழகம் அடுக்ககங்களை விரைந்து எழுப்பியது. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1960இல் பொது வீடுகளில் வாழ்ந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவே. இன்றோ நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட மக்கள் அவ்வீடுகளில் வாழ்கின்றனர்.

எனினும், வீடு கிடைத்தவர் அனைவரும் மகிழ்ந்துவிடவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. ஆனால், திண்ணை இல்லை. கதவைச் சாத்தினால் அண்டை வீட்டார் யாரென்றே தெரியவில்லை. ஊரோடு வாழ்ந்தவர்கள் எண்ணிடப்பட்ட கதவுகளுக்குப் பின்னால் தனித்துப் போயினர்.

காலியாக விட்ட தளம்

தொடக்க கால அடுக்ககங்களில் தரைத்தளத்திலும் வீடுகளே இருந்தன. 1960களில் சில கட்டடங்களில் தரைத்தளம் வீடின்றி விடப்பட்டது. 1970களில் அதுவே பொது வழக்கமாயிற்று. தூண்கள் மட்டுமே தாங்கி நிற்கும், நாற்புறமும் காற்று வீசும் அத்தளத்தை ஆங்கிலத்தில் 'வாய்ட் டெக்' என்பர். நாம் வெற்றுத்தளம் எனலாம். நிலப்பஞ்சம் மிகுந்த அச்சிறு தீவில், விற்றிருந்தால் எளிதில் பணமாகியிருக்கக்கூடிய ஒரு முழுத் தளத்தை ஒவ்வொரு கட்டடத்திலும் காலியாக விட்டது சாதாரண முடிவன்று.

அங்கே கல் மேசைகளில் முதியவர்கள் சதுரங்கம் ஆடினர். பள்ளிப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கினர். பல இடங்களில் பாலர் பள்ளிகளும் முதியோர் கூடங்களும் அமைந்தன. மூலையில் ஒரு சிறு மளிகைக்கடை இருந்தது. அத்தகைய கடைகள் பலவற்றை இந்திய முஸ்லிம்கள் நடத்தி வந்தமையால், 'மாமா' என்ற நம் தமிழ் உறவுச் சொல்லே அவற்றின் பெயராகி, இன்றளவும் சீனரும் மலாய்க்காரரும் 'மாமாக் கடை' என்றே அழைக்கின்றனர்.

நகர மன்றத்தின் அனுமதி பெற்று ஒரு வாரம் மலாய்க் குடும்பத்தின் திருமண விருந்து நடைபெறும். மறுவாரம் அதே தூண்களுக்கிடையே சீனக் குடும்பம் தன் இறந்தவருக்குப் பல நாள் துக்கம் காக்கும். மணமக்களைப் பார்த்தவர் துக்கத்தையும் பார்த்தனர். வீட்டுக்குச் செல்ல வேண்டுமானால் அவ்வழியேதான் செல்ல வேண்டும் என்பதால், ஒருவர் வாழ்வை மற்றவர் அறியாமல் இருக்க இயலவில்லை.

1970களில் தொடங்கிய மற்றொரு முயற்சியில், தெருவோர உணவு வணிகர்கள் கூரையும் குழாய் நீரும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். ஹலால் உணவு விற்பவரும் பிறரும் ஒரே கூரையின்கீழ் கடை வைத்தனர். இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

ஐம்பது காசில் எழுந்த பள்ளிவாசல்

கம்பங்கள் அகற்றப்பட்டபோது அங்கிருந்த சூராக்களும் சிறு பள்ளிவாசல்களும் மறைந்தன. புதிய நகரங்களில் பல்லாயிரம் முஸ்லிம்கள் குடியேறினர், தொழுகைக்கு இடமில்லை. இந்நிலையில் 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. பணிபுரியும் முஸ்லிம்களின் ஊதியத்திலிருந்து மத்திய சேமநிதி வாயிலாக மாதந்தோறும் ஒரு சிறு தொகை சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் அத்தொகை வெறும் 50 காசு.

அந்நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் நிறைவுற்றது. அதன் பெயர் மஸ்ஜித் முஹாஜிரீன். இடம்பெயர்ந்து வந்தோரின் பள்ளிவாசல் என்னும் அப்பெயர், கம்பத்தை விட்டு அடுக்ககத்திற்கு வந்த மக்களுக்கு எத்துணைப் பொருத்தம்! அதன்பின் 20க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இந்நிதியால் எழுந்தன. வகுப்பறைகளும் கூடங்களும் அவற்றின் அங்கங்களாயின. செல்வந்தர் ஒருவர் கட்டிக் கொடுத்ததன்று. அடுக்ககத்துத் தொழிலாளர் ஒவ்வொருவரும் சிறுகச் சிறுகக் கட்டியது. ஆகவே, அது தமக்குரியது என்னும் உணர்வு அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது.

யார் அருகில் யார்?

1964 ஜூலை 21ஆம் நாள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது 13 பேர் மாண்டனர். அந்த வடு ஆட்சியாளர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. மக்கள் மீண்டும் இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் திரளத் தொடங்கியதைக் கண்டு, 1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டடத்தில் மலாய்க்காரர் 25 விழுக்காடு, சீனர் 87 விழுக்காடு என்னும் உச்சவரம்பு வைக்கப்பட்டது. இந்தியரும் பிறரும் என்ற பிரிவுக்கு இருந்த 13 விழுக்காடு, 2010இல் 15 ஆக உயர்த்தப்பட்டது.

இதன் பாரம் சிறுபான்மையினர் மீதே மிகுதியாக விழுந்தது என்பதையும் மறைக்கலாகாது. வரம்பு நிறைந்துவிட்ட கட்டடத்தில் ஓர் இந்திய அல்லது மலாய்க் குடும்பம் வீட்டை விற்க முற்பட்டால், பெரும்பான்மையினருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைவு என்பதால் விலையும் குறையும். பல்லாண்டுகள் எழுந்த இந்த முறையீட்டை அடுத்து, மிகவும் இடர்ப்படுவோரின் வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் செய்யப்பட்டது. ஒற்றுமைக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் செலுத்துகிறார்கள் என்று கேட்பதும் நீதியே.

இடம் மட்டும் போதுமா?

பொது இடத்தை விட்டுவிட்டால் மட்டும் போதும் என எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களின் நடுவில் புரூயிட் ஐகோ என்னும் குடியிருப்பு கட்டப்பட்டது. பதினொரு தளங்கள் கொண்ட 33 கட்டடங்கள். 2,800க்கும் மேற்பட்ட வீடுகள். கட்டடக் கலைஞர் மினோரு யமசாகி, மூன்று தளங்களுக்கு ஒன்றாக அகலமான தாழ்வாரங்களை அமைத்தார். குழந்தைகள் விளையாடவும் பெண்கள் கூடிப் பேசவும் அவை பயன்படும் என்பது திட்டம்.

ஆனால், பராமரிப்புச் செலவு ஏழைகளின் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தின் மக்கள்தொகை சரிந்தது, வீடுகள் காலியாயின, வாடகை குறைந்தது. மின்தூக்கிகள் பழுதடைந்தன, விளக்குகள் அணைந்தன. கூடி மகிழ வேண்டிய தாழ்வாரங்கள் அச்சம் தரும் இடங்களாயின. 1972இல் தொடங்கி, சில ஆண்டுகளில் அக்குடியிருப்பு முழுவதும் இடித்துத் தள்ளப்பட்டது.

சிங்கப்பூரில் பலவகை வருவாயினரும் ஒரே பகுதியில் வாழ்ந்தனர். 1964 முதல் வீடுகள் சொந்தமாக விற்கப்பட்டதால் குடியிருப்போருக்கு அக்கறையும் இருந்தது. துப்புரவுக்கும் விளக்குக்கும் பொறுப்பேற்க, 1980களின் பிற்பகுதி முதல் நகர மன்றங்கள் அமைந்தன. மாதந்தோறும் கட்டணம் பெறப்பட்டது. ஆக, பொது இடம் வாழ்வதும் மாள்வதும் அதனை நாளும் கூட்டிப் பெருக்குபவர் யார், அதற்குப் பணம் தருபவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சிங்கப்பூரிலும் எல்லாம் நிறைவாக இல்லை. பந்து விளையாடக் கூடாது என்னும் அறிவிப்புப் பலகைகள் பிள்ளைகளை விரட்டின. பழைய கட்டடங்களில் சில தளங்களில் மட்டுமே நின்ற மின்தூக்கிகளால் முதியோரும் நோயாளிகளும் துன்புற்றனர். ஒவ்வொரு தளத்திலும் நிற்குமாறு அவற்றை மாற்றும் திட்டம் 2001இல் தொடங்கியது. புதிய கட்டடங்களில் வெற்றுத்தளம் சுருங்கி, தனிக் கூடங்கள் அதன் இடத்தைப் பெற்று வருகின்றன. கூடம் வசதியானதே, ஆயினும் அங்கே வேலை இருப்பவர் மட்டுமே செல்வர். எல்லாரும் கடந்து செல்லும் இடத்தின் பயன் அதில் கிடைப்பதில்லை.

நமக்கு என்ன?

தமிழகத்திலும் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆனால், நம் மஹல்லாக்களில் எழும் அடுக்ககங்களுள் பெரும்பாலானவை ஒற்றை மனையில் எழுபவை. பழைய வீடு இடிக்கப்பட்டு, அங்கே எட்டு வீடுகள் வருகின்றன. திண்ணை போகிறது; முற்றம் போகிறது; அவ்விரண்டும் ஆற்றிவந்த பணியை ஏற்க வேறெதுவும் வருவதில்லை. இத்தகைய சிறு கட்டடங்களை அவ்விதி காப்பதில்லை. அவற்றில் இடம் விடுவது கட்டுபவரும் வாங்குபவரும் கூடி எடுக்க வேண்டிய முடிவாகும்.

எனவே, மனையைக் கூட்டு ஒப்பந்தத்தில் கட்டுமானக்காரரிடம் தருவோரும், அங்கே வீடு வாங்குவோரும், கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். சந்தூக்கு இறங்கும் அளவுக்குப் படிக்கட்டோ மின்தூக்கியோ உள்ளதா? ஐம்பது பேர் நிழலில் அமரக் கீழே இடமுண்டா? அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா?

விற்றால் பணமாகும் ஒரு தளத்தை ஒரு நாடே காலியாக விட்டது. நாம் நம் வீட்டின் கீழே நான்கு தூண் அகலம் விட முடியாதா? வாழும்போது அங்கே நம் பிள்ளைகள் விளையாடுவர். நமது இறுதிப் பயணமும் ஒருநாள் அங்கிருந்தே புறப்படும்.