இருபது வருஷத்து நேர்கோடு

சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-இல் 19,66,995. 1891-இல் 19,62,591. இரண்டையும் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால், அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கட்டாந்தரை மாதிரி கிடக்கிறது. இருபது வருஷத்தில் இங்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். நடுவில் 1881-இன் எண்ணையும் வைக்க வேண்டும்: 15,99,595. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று ஜனங்கள் சொன்ன 1876–78 பஞ்சம் அந்த ஒரு புள்ளிக்குள் இருக்கிறது.

அன்றைய சேலம் ஜில்லாவில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் அடக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் அதில்தான். இவ்வளவு பெரிய நிலத்தின் சாவை ஒரு புள்ளியை விட்டுவிடுவதன் மூலம் மறைத்துவிட முடிகிறது. பொய் எண் எதுவும் வேண்டியதில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

மூன்று புள்ளிகளும் போதுமென்று நான் நினைக்கவில்லை. 1871-லிருந்து 1881-க்கு இழுக்கும் கோடு சாவதானமாகச் சரிகிறது. ஜனங்கள் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததுபோல. மழை பொய்த்தது 1876-இல். அதன்பின் வந்தது சரிவல்ல, பள்ளம். பத்து வருஷத்துக்கொருமுறை எண்ணுகிற கண்ணுக்குப் பள்ளம் தெரியாது. கிரைமிய யுத்தத்துச் சாவுகளை 1858-இல் படமாக்கிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், மாதத்துக்கு ஒரு கூறாக வட்டத்தைப் பிரித்தார். எந்த மாதத்தில் சாவு பெருகியது, எப்போது தணிந்தது என்று கேட்க அந்தப் படம் இடம் தருகிறது. கேள்விக்கு ஏற்ற கால அளவைத் தேர்ந்துகொள்வது படம் போடுகிறவனின் முதல் பொறுப்பு.

எதிர்ப்பக்கத்து மோசடியும் உண்டு. இதே எண்களைத் தூண்களாக நிறுத்தி, அடித்தளத்தைப் பூஜ்யத்தில் வைக்காமல் 15 லட்சத்தில் வைத்தால், 1881-இன் தூண் 1871-இன் தூணில் ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். போனது ஐந்தில் ஒன்று. படத்தில் மிஞ்சுவது ஐந்தில் ஒன்று. பரிதாபத்துக்காகச் செய்தாலும் அது பொய்தான்.

நேர்மையாக வரைந்த பிறகும் ஒன்று பாக்கி. குறைந்த மூன்றரை லட்சத்துச் சொச்சம் பேரும் செத்தவர்களா? இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. பிறக்காமலே போன குழந்தைகளும் அந்தக் குறைவில் சேர்த்தி. இவர்களைக் கோடு பிரித்துக் காட்டாது; கீழே வார்த்தையில் எழுதத்தான் வேண்டும். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்களில் எலும்பு தெரிகிற உடம்புகள் இருக்கின்றன, தொகை இல்லை. கோட்டில் தொகை இருக்கிறது, உடம்பு இல்லை. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

1871 சென்னை மாகாண சென்சஸ் அறிக்கையை எழுதிய டாக்டர் கார்னிஷ்தான், 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்தபோது அதை எதிர்த்தவர். தலைகளை எண்ணியவருக்கு அந்த ஒரு பவுண்டு எத்தனை தலைகளைக் குறைக்கும் என்று யோசிக்க முடிந்திருக்கிறது.

1891-இல் எண் பழைய இடத்துக்கு மீண்டது. ஆட்கள் மீளவில்லை; அவர்கள் இடத்தில் இருந்தவர்கள் பஞ்சத்துக்குப் பின் பிறந்தவர்கள். நேர்கோடு போடுகிறவர் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்.