காபனீரொட்சைட்டுக்குள்ள இருக்கிற தமிழ்

‘கார்பன் டை ஆக்சைடு’ எண்டா விளங்குது, ‘காபனீரொட்சைட்டு’ எண்டா நாக்குப் பிரளுது. அமிர்தகழிப் பக்கம் ஓ.எல். படிக்கிற பிள்ளைகள் இப்பிடிச் சொல்லுதுகள். தமிழ்நாட்டு யூடியூப் பாடம் பார்க்கிற காலம், குறை சொல்ல ஏலாது. ஆனா ‘இதெல்லாம் தமிழே இல்ல’ எண்டு சிரிக்கிற இடத்தில நாங்க கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கு.

எங்கட ஊர்ப்பெயரும் இப்படிக் கட்டினதுதான். ‘அம்ருத’ என்ற வடசொல் தமிழ் வாய்க்கு ஏற்ப ‘அமிர்தம்’ ஆகி, நெய்தல் நிலத்துக் ‘கழி’யோடு ஒட்டியிருக்கிறது.

இனி இந்தச் சொல்லைப் பிரிப்போம்: காபன் + ஈர் + ஒட்சைட்டு. காபன், கரியைக் குறிக்கும் ‘கார்போ’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒட்சைட்டுக்கு வேர் ஒட்சிசன். கிரேக்கத்தில் ‘புளிப்பை உண்டாக்குவது’ என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று லவோசியே நம்பி வைத்த பெயர். (ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை. நம்பிக்கை போயிற்று, பெயர் நிண்டுட்டுது!) சேர்வையின் பெயரே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும் என 1787இல் அவரும் தோழர்களும் பாரிசில் விதி வகுத்தார்கள். எத்தனை என்று சொல்லும் எண்கள் பிறகுதான் சேர்ந்தன.

அந்த எண்ணிலதான் எங்கட ஆட்கள் கைவைத்தார்கள். உயிரெழுத்துக்கு முன் இரண்டு ‘ஈர்’ ஆகும்: ஈராயிரம், ஈருயிர், ஈரொட்சைட்டு. ஒன்று ‘ஓர்’ ஆகும்: காபனோரொட்சைட்டு. நாற்காலியில் இருக்கிற ‘நாற்’ காபனாற்குளோரைட்டிலும் இருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்குள் ‘க்’ பக்கத்தில் ‘ச’ வராது. பக்ஷி பட்சியான அதே வழியில் ஆக்சிஜன் ஒட்சிசன் ஆயிற்று. அணுவை எண்ணவும் தெரிந்து நன்னூலும் தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

அப்படி இரண்டும் தெரிந்த ஒருவர் இந்த வாவிக்கரையில் வாழ்ந்தார். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்தர், துறவியாகுமுன் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1938இல் ‘கலைச்சொற்கள்’ நூலாக வந்தது. பிறகு இலங்கைப் பாடசாலைகளுக்கென அரசகரும மொழித் திணைக்களம் தனித் தொகுதிகளை வெளியிட்டது.

‘டை’ எண்டா இரண்டு, ‘டெட்ரா’ எண்டா நாலு எண்டு பாடமாக்கத்தான் வேணும். ஈருக்கும் நாற்குக்கும் அது தேவையில்ல. நம்பாட்டி, இரசாயனமே படிக்காத ஒரு பிள்ளையிட்ட காபனாற்குளோரைட்டு எண்டு எழுதிக் குடுத்து, இதில எத்தனை குளோரீன் எண்டு கேட்டுப் பாருங்க.