சந்தடியில் பேச்சு புரியவில்லையா? மூன்று எண்களில் ஒரு செவித்திறன் சோதனை

அமைதியான அறையில் ஒருவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. திருமண மண்டபத்திலோ ரயில் நிலையத்திலோ அதே குரல் வெறும் முணுமுணுப்பாகி விடுகிறது. செவித்திறன் குறைவதைப் பலர் முதலில் உணர்வது இவ்வாறுதான். முதியவர்கள் விஷயத்தில் குடும்பத்தினர் இதைக் கவனக்குறைவு என்று கருதிவிடுவதும் உண்டு.

மருத்துவமனைகளில் வழக்கமாக நடைபெறும் ஆடியோமெட்ரி சோதனை, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி காதுக்கு எட்டுகிறது என்பதை அளவிடுகிறது. இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தறிவது வேறு திறன். முதல் சோதனையில் குறை எதுவும் தெரியாதவருக்கும் இரண்டாவதில் சிரமம் இருக்கலாம்.

இதை எளிதில் அளவிட, நெதர்லாந்து ஆய்வாளர் காஸ் ஸ்மிட்ஸ் குழுவினர் தொலைபேசி வழியான சோதனையை உருவாக்கி, அதன் விவரங்களை 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரைச்சலின் ஊடே '5-2-9' என்பதுபோல மூன்று எண்கள் ஒலிக்கும். கேட்டவற்றை அழுத்த வேண்டும். மூன்றும் சரியெனில் அடுத்த முறை பேச்சு 2 டெசிபல் குறையும். தவறெனில் 2 டெசிபல் கூடும். இவ்வாறு ஏறி இறங்கி, பாதியளவு விடைகள் சரியாக அமையும் நிலை கண்டறியப்படுகிறது. நல்ல செவித்திறன் உள்ளவர்கள், இரைச்சலைவிடப் பேச்சு சில டெசிபல் தாழ்ந்திருந்தாலும் எண்களை அடையாளம் காண்கின்றனர்.

எண்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அறியாத மொழியின் வாக்கியத்தைக் கேட்டு ஒருவர் தடுமாறினால், குறை காதிலா மொழியிலா என்று கூற இயலாது. எண்கள் அனைவரும் அறிந்தவை. எனினும் ஒவ்வொரு மொழிக்கும் தனிப்பதிவு தேவை. தமிழில் 'ஒன்பது' நீளமான சொல் என்பதால் இரைச்சலிலும் எளிதில் பிடிபடக்கூடும். எல்லா எண்களும் ஒரே அளவு கடினமாக இருக்கும்படி ஒலியளவைச் சீராக்க வேண்டும். பல மொழிகள் வழங்கும் இந்தியாவில் இது சிறிய பணியன்று. மைசூருவில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவன ஆய்வாளர்கள், கன்னட வாக்கியங்களைக் கொண்டு இத்தகைய சோதனைகளை உருவாக்கியுள்ளனர்.

உலக சுகாதார அமைப்பு 2019-ஆம் ஆண்டு, உலக செவித்திறன் தினத்தையொட்டி அறிமுகப்படுத்திய 'ஹியர் டபிள்யூஹெச்ஓ' செயலியும் எண்கள் முறையையே பின்பற்றுகிறது.

இச்சோதனை பாதிப்பின் காரணத்தைக் கூறாது. காதில் அடைத்த அழுக்கா, நரம்புப் பாதிப்பா என்பதை மருத்துவரே கண்டறிய வேண்டும். இரு காதுகளிலும் ஒரே ஒலி ஒலித்தால், நலமான காது மற்றதன் குறையை மறைத்துவிடும் வாய்ப்பும் உள்ளது. சோதனையில் குறை தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுவது அவசியம். திடீரெனக் கேட்காமல் போனால், செயலியில் சோதித்துக் கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.