கவசமில்லாப் போர்: பாஞ்சாலங்குறிச்சியில் ஆயுதப் பறிப்பும் மண்கோட்டையும் (1799–1801)

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர் போர்கள் பெரும்பாலும் வீரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன. போர்வீரனின் உயிரைக் காக்கும் சாதனங்கள் யாரிடம் இருந்தன, யாரிடம் இல்லை என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. 1801ஆம் ஆண்டின் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையை இவ்வினாவின் வழியே அணுகும் இக்கட்டுரை, அங்குக் காணப்பட்ட பாதுகாப்புப் பற்றாக்குறை இயல்பாக நேர்ந்ததன்று, 1799ஆம் ஆண்டின் ஆயுதப் பறிப்பால் உருவாக்கப்பட்டது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாஞ்சாலங்குறிச்சி, ஊமைத்துரை, ஆயுதப் பறிப்பு, மண்கோட்டை, பாளையங்கோட்டை.

முன்னுரை

மெய்ம்மறை, தோல், கிடுகு எனக் கவசத்துக்கும் கேடயத்துக்கும் பல சொற்களைக் கொண்டது பழந்தமிழ். கோட்டையைக் காத்து நிற்பதற்கு நொச்சி எனத் தனித் திணையும் வகுக்கப்பட்டது. காப்பும் போரின் ஒரு கூறே என்னும் எண்ணம் இம்மரபில் இருந்தது. வெடிமருந்தின் காலத்தில் தோலும் கிடுகும் பயனிழந்தன. கும்பினிச் சிப்பாயும் உடற்கவசம் அணியவில்லை; பீரங்கியும் துப்பாக்கியும் தந்த தொலைவே அவனுக்குக் காப்பாக அமைந்தது. அத்தொலைவைப் பெற இயலாத பாளைய வீரனுக்கு எது காப்பாயிற்று என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆயுதப் பறிப்பு

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் தலைமையிலான படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கித் தோல்வியுற்றது. பின்னர்க் கோட்டையை விட்டு வெளியேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதனைத் தொடர்ந்து, பாளையக்காரர்கள் தம் கோட்டைகளை இடிக்கவும் துப்பாக்கி, ஈட்டி முதலிய ஆயுதங்களை ஒப்படைக்கவும் பணிக்கப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. ஆக, தாக்கும் கருவியும் காக்கும் சுவரும் ஒருசேரப் பறிக்கப்பட்டன.

இப்பறிப்புக்கு நிலவியற் பின்புலமும் உண்டு. தாமிரபரணிக் கரையிலிருந்த பாளையங்கோட்டை கும்பினியின் படைத்தளம். ஆற்றுப் பாசனத்தின் நெல்வளமும் தூத்துக்குடித் துறைமுகமும் அத்தளத்துக்கு எட்டும் தொலைவில் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சியோ ஆற்றுக்கு வடக்கே, மழையை நம்பிய வறண்ட நிலத்தில் அமைந்தது. இழந்த ஆயுதத்தை மீண்டும் பெறும் வழி ஒரு தரப்புக்கே எளிதாக இருந்தது.

மண்ணும் முள்ளும் ஈட்டியும்

1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரையும் உடனிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். அடுத்த சில நாள்களுக்குள் இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. படையுடன் வந்த மேஜர் மெக்காலே இதனைக் கண்டு, உரிய வலிமையின்றித் தாக்கத் துணியாது பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்.

இப்போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுக்குறிப்புகளில் இக்கோட்டையை விவரித்துள்ளார். அது ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்டது, முற்றிலும் இறுகிய மண்ணால் ஆனது, சுற்றிலும் முள்வேலி உடையது, அகழி இல்லாதது. வீரர்களிடம் 18 முதல் 20 அடி வரை நீண்ட ஈட்டிகள் இருந்தன. இவ்விவரங்களைத் தனித்தனியே நோக்காது ஒரே அமைப்பாக நோக்குதல் வேண்டும். மண்சுவர் குண்டின் விசையைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. முள்வேலி பகைவரின் விரைவைக் குறைத்தது. துப்பாக்கிமுனைக் கத்தி எட்டாத தொலைவில் பகைவரை நிறுத்தியது நீண்ட ஈட்டி. கவசத்தின் மூன்று பணிகளையும் உள்ளூரில் கிடைத்த பொருள்களே ஆற்றின.

மார்ச் 31ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலில் கும்பினிப் படை கடும் இழப்புடன் பின்வாங்கியது இவ்வமைப்பின் வலிமைக்குச் சான்றாகும்.

அமைப்பின் எல்லை

தோல்விக்குப் பின் கும்பினி காத்திருந்தது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின்னர், மே 24ஆம் நாள் கர்னல் அக்னியூ தலைமையில் கோட்டை வீழ்த்தப்பட்டது. இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு வாரங்கள் கருதத்தக்கவை. ஒரு தரப்பு தன் குறையை நிரப்பிக்கொண்டது. மறுதரப்பு இடிந்த சுவரை அதே மண்ணால் பூசிக்கொண்டிருந்தது. மேலும், மண்சுவர் இடம்பெயராக் காப்பு. அதனை விட்டு வெளியேறிய வீரர்களுக்குத் திறந்த வெளியில் குதிரைப்படையை எதிர்கொள்ள எக்காப்பும் இல்லை. காயமுற்ற ஊமைத்துரை தப்பிச் சிவகங்கையின் மருது சகோதரர்களை அடைந்தார். 1801 நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை ஆயுதத் தடையைத் தென்சீமையில் நிலைபெறச் செய்தது.

முடிவுரை

1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல், வெல்ஷ் போன்றோரின் குறிப்புகளைச் சார்ந்தே இப்போரை விவரித்தார். எதிரியின் வியக்கத்தக்க துணிவைப் போற்றும் அவ்வெழுத்துகளும், வீரத்தைப் பாடும் நம் கதைப்பாடல்களும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் துணிவு முன்னிற்க, அத்துணிவை வேண்டச் செய்த இல்லாமை பின்னே மறைகிறது. ஆயுதத்தையும் அரணையும் பறித்தவரே, அவையின்றிப் போரிட்டவரின் வீரத்தை வியந்தனர் என்பது எண்ணத்தக்கது. இங்குச் சுட்டப்பட்ட பற்றாக்குறை வீரர்களின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. சில நாள்களில் ஒரு கோட்டையை எழுப்பிய உழைப்பும் தொழில்நுட்ப அறிவும் வீரத்துக்கு இணையாக மதிக்கப்படவேண்டியவை. 1974இல் எழுப்பப்பட்ட நினைவுக்கோட்டையைக் காண்போர், அருகிலுள்ள பழைய கோட்டையின் எச்சங்களையும் காணுதல் வேண்டும். கவசமற்ற வீரர்களுக்குக் கவசமாக நின்றது அம்மண்ணே.