காற்றை அளந்த கதை

சைக்கிள் டயருக்குள் காற்று முதலில் வந்தது. அதை அளக்கும் வழி பிறகுதான் வந்தது. அளக்கும் கருவி இல்லாததால் நேர்ந்த தாமதம் அல்ல இது. நீராவிக் கொதிகலன்களுக்காக வளைந்த உலோகக் குழாய் கொண்ட அழுத்தமானியைப் பிரான்சின் யூஜீன் பூர்தோன் 1849-லேயே உருவாக்கிவிட்டார். தடையாக நின்றது வால்வு.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட அது சந்தையில் நிலைக்கவில்லை. 1887-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தாம்சனைப் பற்றி அறியாமலே, மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக அதே வேலையில் இறங்கினார். மரத்தட்டின் விளிம்பில் ரப்பர் குழாயைச் சுற்றி, மேலே துணியைப் போர்த்தி ஆணியடித்தார். காற்றடிக்க அவர் எடுத்தது கால்பந்துப் பம்பு. 1889-ல் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வில்லி ஹ்யூம் இந்த டயரோடு வென்றதும் கெட்டி ரப்பர் டயரின் காலம் முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் மூன்று வால்வுகள் பிறந்தன. நம் ஊர்ச் சாதாரண சைக்கிள்களில் இன்றும் இருப்பது உட்ஸ் வால்வு. பக்கவாட்டில் துளையிட்ட சிறு உலோகத் தண்டின்மேல் ரப்பர் குழாயை இழுத்து மாட்டியிருப்பார்கள்; சைக்கிள் கடையில் அதற்கு 'வால் டியூப்' என்று பெயர். பம்பின் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளிருக்கும் காற்று அதே ரப்பரைத் துளைமேல் அழுத்தி வழியை அடைக்கும். எளிமையும் சிக்கனமும் கொண்ட அருமையான அமைப்பு. ஆனால் வெளியில் மானியை வைத்தால் டயரின் அழுத்தம் அதற்கு எட்டாது. பம்பிலேயே மானி இருந்தாலும், ரப்பரை விலக்கச் செலவாகும் அழுத்தத்தையும் சேர்த்தே அது காட்டும். டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே நிலைத்ததற்கு இதுவே காரணம்.

நியூயார்க்கின் ஷ்ரேடர் நிறுவனம் 1890-களில் கொண்டுவந்த வால்வில் நடுவே ஓர் ஊசி உண்டு. அதை அமுக்கினால் வழி திறந்து டயரும் மானியும் ஒரே அழுத்தத்துக்கு வரும், அளவு நம்பகமானது. மோட்டார் வாகனங்கள் இதையே ஏற்றுக்கொண்டன. பிரான்சில் உருவான மெல்லிய பிரெஸ்டா வால்வு பந்தயச் சைக்கிள்களுக்குப் போனது. அதன் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, நுனியை ஒருமுறை அமுக்கிவிட்டுக் காற்றடித்தால் வால்வு ஒட்டிக்கொள்ளாது, மானியும் சரியாகக் காட்டும்.

பம்பும் தேவைக்கேற்பப் பிரிந்தது. சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் கைப்பம்பு வழியில் உதவியது. காலால் மிதித்துப் பிடிக்கும் நிலப்பம்பு வீட்டிலும் கடையிலும் நின்றது. இதில் குழலின் விட்டமே முக்கியம். 30 மில்லிமீட்டர் குழலில் 100 பி.எஸ்.ஐ. ஏற்ற ஏறக்குறைய 50 கிலோ எடையளவு அழுத்தித் தள்ள வேண்டும். 20 மில்லிமீட்டர் குழலுக்கு 22 கிலோ போதும், அடிக்கும் எண்ணிக்கைதான் கூடும். ஆகவே ஒடுங்கிய பந்தய டயருக்கு மெல்லிய குழலும், அகன்ற மலைச் சைக்கிள் டயருக்குப் பருத்த குழலும் பொருத்தம்.

மானியிலும் இதே கவனம் வேண்டும். முள் மானியின் பிழை பெரும்பாலும் அதன் முழு அளவின் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. 160 வரை காட்டும் மானியில் 5 சதவீதப் பிழை என்றால் 8 பி.எஸ்.ஐ. 100-ல் அது பொறுக்கத்தக்கது; 30-ல் கால் பங்குக்கு மேல் தவறிவிடும். அகன்ற டயர் ஓட்டுபவர் 60 வரை மட்டுமே காட்டும் மானியை வாங்குவது நல்லது.

மானியுள்ள பம்பைக் கழற்றும்போது கேட்கும் 'உஸ்' பெரும்பாலும் பம்பின் குழாயில் தங்கிய காற்று வெளியேறும் ஒலிதான். டயரின் காற்று அல்ல. கழற்றிய பம்பை மறுபடி மாட்டினால்தான் வெறும் குழாயை நிரப்ப டயரிலிருந்து கொஞ்சம் காற்று போகும். காற்றடித்து முடித்து, பம்பைக் கழற்றும் முன் மானி காட்டும் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.