ஆற்றைக் கடந்த கூலி

அமெரிக்காவின் பி-1 விசா, தொழில் நிமித்தமாகச் சில நாள் வந்து திரும்புகிறவர்களுக்கானது. வெளிநாட்டில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனத்துக்கு ஒப்பந்த வேலை செய்பவர், ஒரு வாரப் பயிற்சிக்கு நேரில் போக நேர்ந்தால் இதைத்தான் நாடுகிறார். பயிற்சியில் உட்காருவது தொழில் பயணமா, வேலையா? இந்தக் கேள்வி பழையது.

முன்கூட்டியே வேலை பேசி அயல்நாட்டு ஆட்களை வரவழைப்பதை 1885-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலுக்கோ உல்லாசத்துக்கோ தற்காலிகமாக வருபவரைக் குடியேறியாகக் கருதவில்லை. ஆனால் தொழில் என்பது எதுவரை என்று அது சொல்லாமல் விட்டது.

அந்த இடைவெளி நயாகரா ஆற்றங்கரையில் வெளிப்பட்டது. கனடா கரையில் குடியிருந்து, காலையில் ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் கூலிக்கு உழைத்து, மாலையில் வீடு திரும்புவது அங்கே பலருடைய அன்றாடம். இவர்கள் தொழில் பயணிகள் அல்லர் என்று 1927 ஏப்ரலில் குடியேற்றத் துறை ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இருவர் தடுக்கப்பட்டார்கள்: ஸ்காட்லாந்தில் பிறந்த பெண் ஒருவர், இத்தாலியில் பிறந்த ஆண் ஒருவர். எல்லையைத் தாராளமாகக் கடக்க அனுமதித்த, அமெரிக்காவும் பிரிட்டனும் 1794-இல் செய்த ஜே உடன்படிக்கையை அவர்கள் தரப்பு எடுத்துக்காட்டியது. அந்த உரிமை அவ்விரு நாடுகளின் 1812-ஆம் ஆண்டுப் போரோடு போய்விட்டது என்றது உச்ச நீதிமன்றம். கூலிக்கு உழைப்பது தொழில் பயணத்தில் அடங்காது என்று 1929-இல் தீர்ப்பானது. உள்நாட்டுத் தொழிலாளியின் பிழைப்பைக் காக்கவே 1924-ஆம் ஆண்டுச் சட்டம் என்பது நீதிபதிகளின் வாதம். ஆனால் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு அது பெரிய அடி.

1952-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பி, எச் போன்ற இன்றைய விசா எழுத்துப் பிரிவுகளுக்கு அடிப்படை. பயிற்சியாளருக்கென்றே உள்ள எச்-3 விசாவுக்கு அழைக்கும் நிறுவனம் முன்கூட்டியே மனுப்போட வேண்டும். அந்தப் பயிற்சி சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். ஒரு வார வகுப்புக்கு இவ்வளவு பாடு அதிகம்.

பி-1 விசாவின் எல்லையைத் தெளிவாக்கியது ஒரு தையல் கடை. ஹாங்காங் கடையின் ஊழியர் அமெரிக்காவில் வாடிக்கையாளர்களின் தோள், இடுப்பு, கை அளவுகளை எடுத்து அனுப்புவார். துணி வெட்டுவதும் தைப்பதும் ஹாங்காங்கில். ஹீரா வழக்கு எனப்படும் இது 1966-இல் அட்டர்னி ஜெனரல் வரை போய், அந்த ஊழியர் செய்தது பி-1-க்குள் அடங்கும் என்று முடிந்தது. தொழிலின் தலைமையிடமும் லாபம் சேரும் இடமும் வெளிநாடாக இருப்பதே உரைகல்லாயிற்று. நல்ல உரைகல்தான்.

பயிற்சிக்கு எச்-3-க்குப் பதிலாக பி-1 தரும் வழக்கமும் உண்டு. அதற்கு வெளிநாட்டு முதலாளியே தொடர்ந்து சம்பளம் தர வேண்டும். அமெரிக்கத் தரப்பு செலவுத் தொகை மட்டும் தரலாம். ஒப்பந்தக்காரர் இடறுவது இங்கேதான்: அவருக்கு வெளிநாட்டு முதலாளி இல்லை, பணம் தருவதே அமெரிக்க நிறுவனம். ஆகவே பயிற்சி நாட்களையும், அந்நாட்களுக்கு ஊதியம் இல்லை என்பதையும், பயண, தங்கும் செலவு யாருடையது என்பதையும் அழைப்புக் கடிதம் தெளிவாகச் சொல்வது அவசியம். தூதரக அதிகாரி விசா தந்த பிறகும், விமான நிலைய அதிகாரி மறுபடி விசாரித்தே உள்ளே விடுவார். வகுப்பு முடிந்த இரவில், விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து வழக்கமான வேலையை முடித்து அனுப்பினால், அந்த நேரத்துக்கு ஒப்பந்தக்காரரையும் ஆற்றைக் கடந்த கூலியாளாகப் பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு.