தேனீ, குளவிக் கொட்டும் நரம்புச் சிக்கல்களும்

தேனீயோ குளவியோ கொட்டினால் பெரும்பாலோருக்குக் கடுப்பும் வீக்கமும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மிகச் சிலருக்குப் பக்கவாதம், பார்வை நரம்பு அழற்சி, வலிப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவை வருவதுண்டு.

எகிப்திய மன்னர் மெனெஸ் குளவி கொட்டி இறந்தார் என்று மருத்துவக் கட்டுரைகள் பல தொடங்கும். எல். ஏ. வாடெல் என்பவர் அபைடாஸ் பலகை ஒன்றைத் தம் விருப்பப்படி படித்ததில் பிறந்த கதை அது; நீர்யானை கொன்றது என்பதே பழைய மரபு. கடும் ஒவ்வாமையின் நம்பத்தக்க வரலாறு 1902இல்தான் தொடங்குகிறது. கடலுயிரிகளின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திய சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேயும், முதல் ஊசியைத் தாங்கிய நாய் சில வாரம் கழித்துச் சிற்றளவிலேயே மடியக் கண்டனர். அந்த அதீத ஒவ்வாமைக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

நரம்புப் பாதிப்பு தனியாகப் பேசப்பட்டது பிற்பாடு. கொட்டுக்குப் பின் வந்த நரம்பழற்சியை 1960இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரை விவரித்தது. குளவிகள் கொட்டியதால் மூளைத் திசு மடிந்து ஒருவர் இறந்ததை 1962இல் இன்னொரு கட்டுரை பதிவுசெய்தது. இவை தனித்தனி நோயாளிகளின் குறிப்புகளே. கொட்டுப்படாதவர் அரிது என்பதால், பின்னால் வந்த நோயையெல்லாம் கொட்டின் தலையில் கட்டிவிடக் கூடாது.

காரணம் தேடுவோருக்குக் கடிகாரம்தான் நல்ல துப்பு. சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ வாய் கோணி ஒரு பக்கம் செயலிழந்தால் இரத்தக் குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும்: ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் சரிந்திருக்கலாம், ஹிஸ்டமின், திராம்பாக்சேன் போன்றவை குழாயைச் சுருக்கி இரத்தத்தை உறையவைத்திருக்கலாம். நாள்கள், வாரங்கள் கழித்துக் கால் மரத்துத் தளர்ந்தாலோ பார்வை மங்கினாலோ, உடலின் தற்காப்பே நரம்புறையைத் தாக்கும் கில்லன்-பாரே போன்ற நோய்களை எண்ண வேண்டும். நஞ்சுக்கும் நேரடிப் பங்குண்டு. தேனீ நஞ்சிலுள்ள அபமின் 18 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட சிறு புரதத் துண்டு. நரம்பணுக்களின் பொட்டாசிய வாயில்களை அடைத்து எலிகளுக்கு வலிப்பு உண்டாக்கும்.

இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்போரைக் குளவிகளோ தேனீக்களோ கூட்டமாகத் தாக்கும்போது நஞ்சின் அளவே ஆபத்து. தசையும் சிறுநீரகமும் முதலில் பழுதாகும்.

தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி, நஞ்சுப் பையோடு துடித்துக்கொண்டே நஞ்சை இறக்கும். பிடுங்குவதா சுரண்டுவதா என்று யோசிக்காமல் உடனே அகற்ற வேண்டும். அனாஃபிலாக்சிஸுக்கு அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. பார்வை நரம்பு அழற்சிக்கு ஸ்டீராய்டும், கில்லன்-பாரேக்கு இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றமும் தரப்படுகின்றன.